ஜிமிக்கியும் ஹெட்போனும்: வாசகர் கேள்வி பதில்

ஹட்டனில் போன், ரேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: அண்ணா, நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரயிலில் வீட்டுக்கு வருவேன். பாட்டு இல்லாமல் அந்தப் பயணம் முடியாது. தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன்தான் ஸ்டைல், சத்தமும் அதில்தான் நல்லா இருக்கும் என்கிறான் தம்பி. கூட வேலை செய்யும் அக்கா காதுக்குள் செருகும் இயர்பட்ஸ் வாங்கு என்கிறார். நான் கண்ணாடி போடுகிறேன், ஜிமிக்கியும் போடுவேன். ஒன்றுக்குத்தான் சல்லி இருக்கிறது. எதை வாங்கட்டும்?
வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, கண்ணாடி, ஜிமிக்கி, ரயில் மூன்றையும் மறக்காமல் எழுதினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் கேட்பார்கள். எங்கே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் யோசிப்பார்கள்.

தம்பி சொன்னதை முதலில் பார்ப்போம். பெரிய ஹெட்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் 40 மில்லிமீற்றர் அகலம். இயர்பட்ஸில் இருப்பது 6 முதல் 12 மில்லிமீற்றர்தான். அதனால் பெரியதில்தான் பேஸ் என்கிற அடிச் சத்தம் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இயர்பட்ஸ் காதுத் துவாரத்தை ஒழுங்காக அடைத்துக்கொண்டால், அது அசைக்க வேண்டிய காற்று ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. அதற்குச் சின்ன ஸ்பீக்கரே தாராளம். பெரியது அதே வேலையைக் காதைச் சுற்றி உட்காரும் மெத்தையால் செய்கிறது. இரண்டிலும் எங்கேயாவது இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். தவில் தகரம் மாதிரிக் கேட்கும், மிருதங்கத்தில் தடித்த சத்தம் தரும் தொப்பிப் பக்கமே இருக்காது.

போன மாதம் ஒரு பையன் புது இயர்பட்ஸைக் கொண்டுவந்து, "இதில் பேஸே இல்லை அண்ணே, ஏமாத்திட்டாங்க" என்றான். பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பார் என்றேன். அழுத்தியதும் அவன் கண் விரிந்தது. எடுத்ததும் பழையபடி மெலிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் இயர்பட்ஸ் முனையில் மாட்டும் சின்ன ரப்பரும் பெரிய ரப்பரும் பொலித்தீனைக் கிழிக்காமல் அப்படியே கிடந்தன. நடு அளவைத்தான் கம்பனி மாட்டி அனுப்பும், பலர் அதை மாற்றுவதே இல்லை. அவனுக்கு இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடு அளவு பொருந்தியது. ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றில்லை. நீங்களும் வாங்கிய அன்றே இந்த விரல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சரி, உங்கள் கண்ணாடிக்கு வருவோம். காதின் மேல் ஓடும் கண்ணாடிக் கம்பி, ஹெட்போன் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கும். அங்கே பேஸ் கசியும், ரயில் இரைச்சல் உள்ளே வரும். ஒரு மணி நேரம் போனால் அந்த இடமே வலிக்கத் தொடங்கும். ஜிமிக்கி இன்னும் சிரமம். மெத்தை தோட்டை அழுத்த, பின்னால் இருக்கும் திருகாணி காதுக்குப் பின்புறம் குத்தும். தொங்கும் மணி கப்பில் பட்டுக் கிலுகிலுவென்று சத்தம் போடும், பாட்டு மெதுவாக வரும் இடத்தில் அதுதான் பெரிதாகக் கேட்கும். என் வீட்டுக்காரி போட்டுப் பார்த்துச் சொன்னது இது. பயணத்துக்கு ஜிமிக்கியைக் கழற்றி வைக்கலாம்தான். ஆனால் ஒரு ஹெட்போனுக்காக நீங்கள் ஏன் ஜிமிக்கியைக் கழற்ற வேண்டும்?

பெரிய ஹெட்போனின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சத்தம் காது மடலில் பட்டு உள்ளே போவதால், பாட்டு மண்டைக்குள்ளேயே நடக்கிற உணர்வு குறையும். நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், தாளம் கொஞ்சம் தள்ளி என்று இடம் பிரிந்து கேட்கும். அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு இது பெரிய சுகம். உங்கள் தம்பி வீட்டில் இருந்து கேட்கிறவர் என்றால் அவருக்கு அது சரி. ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும் ரயிலில் அந்த நுணுக்கமெல்லாம் இன்ஜினோடு கரைந்துபோகும்.

ஸ்டைல் என்பதும் சின்ன விசயம் இல்லை. 1979இல் சோனி வாக்மன் வந்தபோது, ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த மெல்லிய ஹெட்போன்தான் நாகரிகம். 2001இல் ஐபொட் வந்த பிறகு வெள்ளை வயரைக் கண்டாலே கையில் என்ன இருக்கிறது என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள். 2016இல் ஏர்பொட்ஸ் வந்ததும் அந்த வயரும் போனது. இப்போது பெரிய ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது மறுபடி அழகாகிவிட்டது. உண்மையில் அது அழகுதான், உடுப்போடு சேர்ந்து தெரியும். கறுப்போ மண்ணிறமோ எடுத்தால் சேலைக்கும் சுடிதாருக்கும் ஒத்துப்போகும். நுவரெலியாக் குளிரில் காதுக்குக் கம்பளி மாதிரியும் இருக்கும். ஆனால் கம்பளித் தொப்பிக்கு மேல் மாட்டினால் அடைப்பு போய்விடும், இயர்பட்ஸ் என்றால் தொப்பிக்குள்ளேயே இருக்கும். நீங்கள் இருப்பதோ கொழும்பில். அந்த வெக்கையில் அரை மணி நேரத்தில் காது வேர்த்து மெத்தை நனையும். நம் பக்கத்து ஈரத்திலும் அந்தச் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டுவதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் முகத்துக்கு இரண்டு அழகும் தெரிய வேண்டும் என்றால், ஜிமிக்கி ஆடட்டும், இயர்பட்ஸ் மறைவாக இருக்கட்டும். இது என் ரசனை.

இனி நான் முக்கியமாக நினைப்பது. உங்களுக்கு நல்ல ஹெட்போன் எது என்றால், குறைந்த சத்தத்தில் பாட்டைக் கேட்க விடுவது எதுவோ அதுதான். 80 டெசிபல் அளவு சத்தத்தில் என்றால் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழும்புக் கோட்டையிலிருந்து தலவாக்கலை வரும் ஒரே பயணத்தில் அந்த நாலு மணி நேரம் தாண்டிவிடும். வெளி இரைச்சலை வெல்லத்தான் நாம் சத்தத்தை ஏற்றுகிறோம். நானே பார்த்தேன். வீட்டில் போனின் சத்த அளவு 15 படியில் 6இல் வைத்துக் கேட்கும் பாட்டை, நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வயர் வைத்த சாதாரண ஹேண்ட்ஸ்ஃபிரீயில் 13க்கு ஏற்ற வேண்டி வந்தது. ரப்பர் சரியாகப் பொருந்திய இயர்பட்ஸில் 8 போதுமாக இருந்தது. ஹட்டன் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் எதிலும் கேட்காது, அந்தக் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்திவிடுங்கள், ஏற்றாதீர்கள்.

இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிற மொடலை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்பி இரண்டையும் மோதவிட்டு அடக்கும். போஸ் கம்பனியைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் விமானத்தில் பயணம் செய்யும்போது இன்ஜின் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்காமல்தான் இந்த யோசனையில் இறங்கினார். ஒரே சீராக உறுமும் சத்தத்துக்கு இது நன்றாக வேலை செய்யும், டீசல் இன்ஜின் அந்த வகைதான். "வடே, வடே" என்று வடை விற்பவர் கூவிக்கொண்டு போவதை மட்டும் முழுதாக நிறுத்தாது.

இயர்பட்ஸில் ஒரு குறையை மறைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பற்றரி மிகச் சிறியது. இரண்டு, மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்ற வழியில்லை. பெரியதில் மெத்தையை மாற்றலாம், பலவற்றில் பற்றரி போனாலும் வயரைக் குத்திக் கேட்கலாம். இதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன், உங்களுக்கு இயர்பட்ஸ். அக்கா சொன்னதுதான் சரி.

கேள்வி: புது இயர்பட்ஸ் வாங்கினேன். போனில் எப்எம் ரேடியோவைத் திறந்தால் ஹெட்செட் குத்தச் சொல்கிறது. புளூடூத் இணைந்துதானே இருக்கிறது?
வாசகர், பொகவந்தலாவை

பதில்: எப்எம் போடுவதற்குப் போனுக்கு ஏரியல் வேண்டும். அந்த ஏரியல் உங்கள் பழைய ஹேண்ட்ஸ்ஃபிரீயின் வயர்தான். எப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீற்றர், ஒரு மீற்றர் வயர் அதைப் பிடிக்கத் தோதானது. புளூடூத்தில் அந்த வயர் இல்லை. பழையதைக் குத்திவிட்டு, சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றிக் கேளுங்கள். மலை மறைக்கும் லய வீட்டில் வயரைச் சுருட்டி வைக்காமல் நீட்டி, ஜன்னல் பக்கம் தொங்கவிட்டால் இரைச்சல் குறையும். அப்பா அந்தக் காலத்தில் ரேடியோவுக்குக் கூரைவரை கம்பி இழுத்தது இதே காரணத்துக்குத்தான்.

கேள்வி: என் இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. எறிய வேண்டியதுதானா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: எறியாதீர்கள். ரப்பரைக் கழற்றி, சத்தம் வரும் துளையில் இருக்கும் சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள், காதுக் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த பல் துலக்கும் பிரஷால் தட்டித் தட்டித் தேயுங்கள். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் உள்ளே போகும். ரப்பரைத் தனியாகக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: என் மகன் பாடசாலைக்குக் கோச்சிப் பாதையால்தான் நடந்து போவான். இரண்டு காதிலும் இயர்பட்ஸ். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பான்.
ஒரு தந்தை, கொட்டகலை

பதில்: தம்பி, உன் அப்பா சொல்வதையே நானும் சொல்கிறேன். ஏறி வரும் ரயிலை ஒரு கட்டை தூரத்திலேயே காது சொல்லிவிடும். இறங்கி வருவது அப்படி இல்லை. இன்ஜின் முக்காது, வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும், பனி மூடிய காலையில் அதுவும் தெரியாது. ஒரு காதில் மட்டும் போடுகிறேன், வெளிச் சத்தம் விடும் மோடில் போடுகிறேன் என்று என்னிடம் பேரம் பேச வேண்டாம். ரோட்டு இருக்கிறது, சுற்று என்றாலும் அதில் போ. கோச்சிப் பாதையில் கால் வைத்தே ஆக வேண்டிய நாளில், தண்டவாளத்துக்கு இறங்கும் முன்பே இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பையில் போட்டு, பையை மூடிவிட்டு இறங்கு.