மாநகராட்சியோடு சேருமுன் வீட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: திருச்சியை ஒட்டிய ஊராட்சியில் 1,100 சதுர அடியில் சொந்த வீடு. மாடி வாடகைக்கு, பக்கத்தில் ஒரு காலி மனை. எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்களாம். வரி பல மடங்கு ஏறும் என்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் நான் அதற்குள் விற்றுவிடலாமா?

பதில்: வரிக்குப் பயந்து விற்காதீர்கள் ஐயா. வரி ஏறத்தான் செய்யும். ஆனால் கையைக் கடிக்கப்போவது, வரி வந்தும் வசதி வராத அந்த இடைக்காலம்தான்.

சென்னையைப் பாருங்கள். 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. பத்து வருடம் கழித்தும் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வரவில்லை. சொத்து வரியும் கட்டி, தண்ணீர் லாரிக்கும் செப்டிக் டேங்க் லாரிக்கும் தனியாகக் கொடுத்தார்கள். இது நியாயமே இல்லை. 2022-ல் வரியைச் சீரமைத்தபோது மட்டும் கொஞ்சம் வித்தியாசம் காட்டினார்கள்: 601 முதல் 1,200 சதுர அடி வீட்டுக்குப் பழைய சென்னையில் 75 சதவீதம், சேர்ந்த பகுதிகளில் 50 சதவீதம் உயர்வு.

ஆகவே இப்போதே மாடி வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். பாதாளச் சாக்கடை வரும் நாளில் டெபாசிட், குழாய் பதிக்கும் கூலி எல்லாம் ஒரே மூச்சில் கேட்பார்கள். வரியும் ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

வரி போட வீட்டை அளக்க வரும்போது கூடவே நில்லுங்கள். நோட்டீஸ் வந்ததும் சதுர அடி, வீடா கடையா என்ற வகை, தெருவின் மதிப்பு மூன்றையும் சரிபாருங்கள். தப்பு இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் விளக்கு, வடிகால் இல்லையென்றால் அதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.

காலி மனையை மறந்துவிடாதீர்கள். நகர எல்லைக்குள் வந்தால் அதற்கும் காலிமனை வரி உண்டு. கட்டாமல் விட்டவர்களுக்கு, வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் மொத்த பாக்கியும் தெரியவரும். விற்பதானால் இந்த மனையை விற்பதைப் பற்றி யோசிக்கலாம், குடியிருக்கும் வீட்டை அல்ல.

அப்புறம், சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் (ஏப்ரலிலும் அக்டோபரிலும்) கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் வட்டி. மாடிக்கு உரிய சொத்து வரியை, கட்டிய ஆண்டின் வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ள வருமான வரியில் இடமிருக்கிறது. ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பட்டாவும் வரி ரசீதும் இன்னும் அப்பா பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு இந்த மாதமே மனுப் போடுங்கள்: பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில், வரி ரசீதுக்கு ஊராட்சியில்.