பதில்: வெண்கொக்கின் இறகு வெளுத்துப்போகிறது

வேடந்தாங்கலில் எடுத்த கொக்குப் படங்களில் உடம்பு வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தும் பறக்கையில் இறக்கை நுனி கலங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸை மாற்ற வேண்டாம்.

கொக்குக்குப் பின்னால் இருப்பது கருத்த மரமும் நீரும். கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வெள்ளை இறகு எரிந்துபோகிறது. அதே கொக்கு வானத்துக்கு எழும்பினால் நேர்மாறாக, உடம்பு சாம்பலாகிவிடும். அதனால் பறவைக்குப் பறவை காம்பென்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) திருகிக்கொண்டிருப்பதைவிட, எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறுவதே நல்லது. காலை எட்டு மணி வெயில் முதுகில் விழும்படி நின்று ஷட்டர் 1/2500 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறக்காதீர்கள். அது ஓடினால் கேமராவே ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளும், மேனுவலில் வைத்தும் பயனில்லை. ஒரு படம் எடுத்து, அதிவெளிச்ச எச்சரிக்கை இறகில் மினுக்கினால் ஐஎஸ்ஓவை 320, 250 என்று இறக்குங்கள். மேகம் மறைத்தால் மட்டும் மறுபடி பாருங்கள்.

கலங்கலுக்குக் காரணம் உங்கள் 1/500 ஷட்டர். கொக்கு மெதுவாகத்தான் சிறகடிக்கும், ஆனாலும் 1/1600க்குக் கீழே போகாதீர்கள். மீன்கொத்திக்கு 1/3200 வேண்டும்.

ரா (கேமரா சுருக்காமல் பதியும் மூலப்படம்) கோப்பாகவே எடுங்கள். கணினியில் திருத்தும்போது ஹைலைட்டை (படத்தின் வெளிச்சமான பகுதிகளுக்கான அளவு) 30 முதல் 50 வரை குறைத்தால் இறகின் வரிகள் எழும்பும். முற்றிலும் எரிந்த இடம் திரும்பாது. இரைச்சலை (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) நீக்கிய பிறகு, பறவையை மட்டும் தேர்ந்து கூர்மையாக்குங்கள். வானத்தையும் சேர்த்துக் கூர்மையாக்கினால் புள்ளிகள் மண்டிவிடும்.

கூடு கட்டும் காலத்தில் கரையை விட்டு இறங்காதீர்கள். தாய் எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும்.