பினாங்குல பொதுமக்கள் வந்து சுடுற மாதிரி ஷூட்டிங் ரேஞ்ச் திறக்கணும், என்னென்ன சிக்கல் வரும்?

சட்டப்படி முடியவே முடியாதுன்னு இல்ல. ஆனா நானும் என் மச்சானும் 2018-ல எட்டு மாசம் இதுக்காகவே அலைஞ்சு கடைசியில திறக்காம விட்ட ஆளுங்க, அந்தக் கதையச் சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க.

எங்க ஐடியா பெருசா ஒண்ணும் இல்ல. பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஷாப்லாட், 20 அடிக்கு 70 அடி, ஏர் ரைஃபிள் மட்டும். ஒலிம்பிக்ல அது 10 மீட்டர் தூரம்தானே, அதாவது 33 அடி, ஒருத்தர் நின்னு சுடுற லேனுக்கு 1 மீட்டர் அகலம் இருந்தா போதும், அஞ்சு லேன் தாராளமா வரும், பின்னால நாலு நாற்காலி, ஒரு மைலோ மெஷின்னு மச்சான் ஒரே ராத்திரியில கணக்குப் போட்டு முடிச்சிட்டான். 2012 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி எட்டு மாசக் கர்ப்பத்தோட சுட்டாங்களே, அதே ஈவண்ட்தான். வெடிமருந்து கிடையாது, காத்துதான், குண்டு 4.5 மில்லிமீட்டர், இதுக்கு எவன் பயப்படப் போறான்னு நினைச்சோம்.

முதல் அடி அங்கதான். ஆர்ம்ஸ் ஆக்ட் 1960-ஐப் படிச்சா ஏர் கன், ஏர் பிஸ்டல் எல்லாமே ஆயுதம்தான். நிஜம் மாதிரி இருக்குற டூப்ளிகேட்டுக்கே தனி விதி இருக்கு. லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா 1971-ஆம் வருஷச் சட்டப்படி 14 வருஷம் வரைக்கும் ஜெயில், கூட ஆறுக்குக் குறையாம ரோத்தான், அதாவது பிரம்படி. ஏன் இவ்ளோ கெடுபிடின்னு கேட்டா, 1948-ல இருந்து 1960 வரைக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோட சண்டை நடந்த அவசரகாலம், அது முடிஞ்ச அதே வருஷத்துச் சட்டம் இது. என் தாத்தா கெடா தோட்டத்துல இருந்தவரு, லயத்துக்குப் பின்னால லாலாங் புல்லுல ஒரு தோட்டா கெடந்தாக்கூட மொத்த லயமும் நடுங்கும்பாரு. அந்த நடுக்கத்துலதான் சட்டம் எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தோணும், தப்புன்னு சொல்லல.

சரி, லைசன்ஸ் எடுத்துட்டாப் போச்சுன்னா, அதுலயும் ஒரு முடிச்சு. லைசன்ஸ் மாநில போலிஸ் தலைவர்கிட்ட இருந்து வர்றது, இந்த ஆளு இந்தத் துப்பாக்கின்னு கட்டிப்போட்டுத்தான் தருவாங்க. நம்ம யாவாரமோ, சனிக்கிழமை மாமாக் கடையில ரொட்டி சானாய் பசியாறிட்டு சும்மா எட்டிப் பாக்குற அஞ்சு பசங்கள நம்பி இருக்கு. அவன் யாரு, குடிச்சிருக்கானா, பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்திருக்கானா, யாருக்குத் தெரியும்? லேன் போடுறது, கன் வாங்குறதெல்லாம் காசு இருந்தா ஆகிடும், 'பொதுமக்கள்'ங்கற அந்த ஒரு வார்த்தைதான் எங்களச் சாச்சுது. பாலாய்ல, அதான் போலிஸ் ஸ்டேஷன்ல, ஒரு ஆபிசர் தன்மையாத்தான் பேசுனாரு, கிளப்பா மெம்பர்ஷிப் வச்சு நடத்துனா பேசலாம், வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுக்குறது கஷ்டம் தம்பின்னாரு.

அடுத்தது இடம். எங்க ஆயர் ஈத்தாம் பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் ஃப்ளாட் எல்லாருக்கும் தெரியும், மலாய்ல பாடாங் தெம்பாக். வெள்ளைக்காரன் காலத்துல உண்மையாவே சுட்டுப் பழகுன இடம், இப்ப ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயுது. கோலாலம்பூர்லயும் அதே பேர்ல ரோடு இருக்கு, ஜாலான் பாடாங் தெம்பாக், டிஃபென்ஸ் மினிஸ்ட்ரி அங்கதான். ரேஞ்சுக்குக் காலி நிலம் வேணும், ஊரு வளர்ந்தா காலி நிலம் போயிடும், அவ்ளோதான். நிஜத் தோட்டா போடுற ரேஞ்ச்னா இன்னும் மோசம், சின்ன .22 தோட்டாவே ஒன்றரை மைல் வரைக்கும் போகும்னு கணக்கு, அப்ப பின்னால மண்மேடு வேணும், மேல தடுப்பு வேணும், சத்தம் வேற. லங்காவி தீவுல இருக்குற ரேஞ்ச் 1998 காமன்வெல்த் போட்டிக்காக வந்தது. நமக்கு யாரு காமன்வெல்த் நடத்தப் போறா?

யாருமே கேக்காத ஒண்ணச் சொல்றேன், ஈயம். ஏர் ரைஃபிள் குண்டும் ஈயம்தான், நிஜத் தோட்டாவுல பின்னால மருந்தப் பத்த வைக்குற பிரைமர்லயும் சாதாரணமா ஈயக் கலவை இருக்கும், சுடும்போது அது தூசியா, புகையா மூஞ்சிக்குத்தான் வரும். அதனால உள்ளரங்குன்னா காத்து சுடுறவன் முதுகுப் பக்கமிருந்து டார்கெட் பக்கமா ஒரே சீரா போகணும், அப்புறம் ஃபில்டர். நம்ம வீட்டு ஏர்கான் மாதிரி அறைக்குள்ளயே சுத்தவிட்டா செத்தோம். அங்க கூட்டுறதுக்குத் தொடப்பம் எடுக்கக்கூடாது, தூசி பறக்கும். வேலை செய்யுறவன் அந்தச் சட்டையோட வீட்டுக்குப் போயி புள்ளயத் தூக்குனா புள்ளைக்கும் ஒட்டும், சின்னப் பிள்ளைங்க மூளைக்கு அது ரொம்பக் கெடுதல். கூட்டி எடுத்த ஈயத் தூசியக் குப்பைத் தொட்டியிலயும் போட முடியாது, ஆபத்தான கழிவுக்குன்னு 2005 ஷெட்யூல்ட் வேஸ்ட் விதி இருக்கு. நாங்க கூப்பிட்ட கான்ட்ராக்டர் வெண்டிலேஷன் விலைய எழுதிக் குடுத்தான், அஞ்சு லேன் செலவ விட அது அதிகம், மச்சான் ரெண்டு நாள் பேசல.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ரெண்டு பேரு போனே எடுக்கல. யாவார லைசன்ஸ் கவுண்டர்ல ஒரு அம்மா, இது ஸ்னூக்கர் மாதிரியான்னு கேட்டாங்க, பாரத்துல இந்த யாவாரத்துக்குக் கட்டமே இல்ல, பாவம் அவங்க என்ன செய்வாங்க. ஷாப்லாட் ஓனர் சீனப் பெரியவரு, முன்பணம் 1,500 வெள்ளியத் திருப்பிக் குடுத்துட்டு, அம்பு விடுற கடை போடுங்க லா, நான் வாடகைய கொறைக்கிறேன்னாரு. மச்சான் அதையே போட்டான், இப்ப ஓடுது.

நீங்க பிடிவாதமா இருந்தா, முதல்ல ஏற்கனவே இருக்குற ஒரு கிளப்ல மெம்பராச் சேந்து ஒரு வருஷம் சுடுங்க, அவங்க பேப்பர எப்படி வச்சிருக்காங்கன்னு பாருங்க. கடைக்கு அட்வான்ஸ் மட்டும் இப்பக் குடுத்துடாதீங்க. எங்க அஞ்சு லேன் ப்ளான் இன்னும் என் அலமாரியில சுருட்டிக் கெடக்கு, வேணும்னா மெசேஜ் போடுங்க, காத்துக் குழாய் வரைஞ்ச பக்கத்த மட்டும் நம்பாதீங்க, அது மச்சான் வரைஞ்சது.