தையல் ஓரத்து உரைகாரர்

கேள்வி: யூதர்களின் சட்ட விவாத நூலான தால்முத்தின் பக்கத்தில் நடுவில் ஓர் எழுத்து, இருபுறமும் வேறு எழுத்து. எப்படிப் படிப்பது? ராஷி யார்?

பதில்: நடுவில் மூலம். புத்தகத் தையல் பக்க ஓரத்தில் ராஷி உரை. எதிர் ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழிவந்தோரும் எழுப்பிய தடைவிடைகள். ராஷி (1040–1105) பிரான்சின் த்ருவா ஊர்க்காரர்.

மூலத்தில் ஒரு வரி படித்ததும் ராஷி உரை உள்ள ஓரத்துக்குப் போங்கள். முதலில் மூலச் சொற்கள் இரண்டு மூன்று, ஒரு புள்ளி, பிறகு விளக்கம். நம் பதவுரை மாதிரிதான். கடினமான சொல்லுக்கு அக்காலப் பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் தந்துவிடுவார். அந்த உரை அச்சாகும் எபிரேய எழுத்து வடிவத்துக்கு 'ராஷி எழுத்து' என்று பெயர்; அது அவர் கையெழுத்தல்ல, பிற்கால அச்சகத்தார் ஏற்பாடு. அதில் சாமெக் என்ற எழுத்தும் சொல்லிறுதியில் வரும் மேம் என்ற எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். புதியவர் தடுக்குவது அங்கேதான்.

வற்புறுத்தலால் மதம் மாறி, மீண்டும் யூத மதத்துக்குத் திரும்பியவர்களை ஒதுக்காதீர்கள் என்று ஊராருக்குத் தீர்ப்பும் எழுதியவர் ராஷி.