இரும்புச்சத்துப் பாணி கொடுத்தும் பிள்ளைக்கு ஏன் இரத்தம் ஊறவில்லை?

கேள்வி: மகனுக்கு ஒன்பது மாதம். மூன்றாம் மாதத்திலேயே வெளிறிப்போனான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இரண்டு தடவை இரத்தம் ஏற்றினார்கள். ஆர்பிஎஸ்19 மரபணுவில் மாற்றம் என்று இப்போது அறிக்கை வந்திருக்கிறது. கர்ப்பகாலத்தில் நான் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் மாமியார். முருங்கையிலைச் சாறும் கடையில் வாங்கிய இரும்புச்சத்துப் பாணியும் கொடுக்கிறோம். அடுத்த பிள்ளைக்கும் வருமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ இந்த நோயைத் தரவில்லை. இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கலங்களுக்குள் புரதங்களைக் கட்டுபவை இறைபோசோம்கள். அவை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 80 புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கான மரபணுவே ஆர்பிஎஸ்19. அதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே இறைபோசோமின் சிறிய பகுதி போதியளவு உருவாகாது. என்பு மச்சையில் செங்குழியங்களாக வளர வேண்டிய கலங்கள்தான் இதைத் தாங்க மாட்டாமல் முதிருமுன்பே மடிகின்றன. 1938இல் விவரிக்கப்பட்ட டயமண்ட்-பிளாக்பான் இரத்தசோகை இதுதான். அதற்குக் காரணமாக முதலில், 1999இல், கண்டறியப்பட்ட மரபணு ஆர்பிஎஸ்19.

ஆகவே உங்கள் மகனுக்குக் குறைவது இரும்பு அல்ல. ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் இரும்பைக் கொண்டுவருகிறது. மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை; அது ஈரலிலும் இதயத்திலும் படிந்துவிடும். அந்தப் பாணியை நிறுத்திவிட்டு, இதுவரை கொடுத்ததை அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாறும் வேண்டாம். வளர்ந்தபின் கறியில் முருங்கையிலை சேர்ந்தால் பயமில்லை.

பெரும்பாலும் ஒரு வயது வரை இரத்தம் ஏற்றியே சமாளிப்பார்கள். அதன்பின் தரும் மருந்தான ஸ்டெரொயிட் சிசுக்களின் வளர்ச்சியைக் குறைக்கும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. வைத்தியர் மருந்து தரத் தாமதிக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். தொடங்கியபின் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பலன் கிடைக்கிறது. அதற்குமுன் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள், சில ஊசிகளின் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்த பிள்ளை பற்றி: தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் வரப் பெற்றோர் இருவரும் காவிகளாக, அதாவது மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களாக, இருக்க வேண்டும்; இதற்கு அப்படியில்லை. ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தாலே ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் எந்த நோயுமின்றி நடமாடலாம் என்பதால் தோற்றத்தை நம்ப முடியாது. அதேவேளை, ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளில் இது பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. உங்கள் இருவரிடமும் இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே கர்ப்பமாவதற்கு முன்பே நீங்களும் கணவரும் சேர்ந்து போய், மகனின் அறிக்கையைக் கொடுத்து, அதே மாற்றத்துக்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.