சித்தியின் பெயரை அடித்தது யார்?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி கொடுத்தோம். அந்தத் திட்டத்தை மதிப்பிட, பணம் கொடுத்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து அடுத்த மாதம் ஒருவர் வருகிறார். ‘நன்றாகப் பேசும் 12 பேரைத் தயார் செய்’ என்கிறார் இயக்குநர். மனம் ஒப்பவில்லை, வேலையை விடவும் முடியாது. தேவனாம்பட்டினத்தில் என் சித்தியும் ஒரு பயனாளிதான். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவள். ஆனால் பெட்டியில் கோழி அடைத்திருக்கிறாள், வாயும் நீளம் என்பதால் அவளை விட்டுவிட்டேன். இயக்குநரை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, கடலூர்

பதில்: இயக்குநர் கிடக்கட்டும். சித்தியின் பெயரை அடித்தது அவரா? அவர் அடிக்கச் சொல்லாமலே நீங்களே அடித்துவிட்டு, மனம் ஒப்பவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

வாய் நீளமாம்! ஏலத்தில் அந்த வாய் பேரம் பேசியதால்தான் உங்கள் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. நான் பழைய காலத்து ஆள். வளர்த்தவளை மறைக்கிற கை, ஊரார் வீட்டுப் பெண் சொல்வதை ஒழுங்காக எழுதும் என்று நான் நம்பமாட்டேன்.

உதவித் திட்டங்களை மதிப்பிட, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 1991-ல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது. 2019-ல் ஆறாவதாக ஒன்று சேர்ந்தது. வருகிறவர் பையில் அநேகமாக அந்தப் பட்டியல்தான் இருக்கும். அதில் முதலாவது, பொருத்தம். கொடுத்த பொருள் வாங்கியவளுக்கு உதவுகிற பொருளா? இதற்கான பதில் உங்கள் 12 பேரின் ஒத்திகையில் கிடைக்காது. கோழிக்கூண்டில் இருக்கிறது.

அதில் ஏன் கோழி அடைத்தாள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மீன்கூடையோடு நிற்கும் பெண்களை ஏற்றாமல் போகும் பஸ்களை நான் பார்த்திருக்கிறேன். கூடைக்கே இந்தக் கதி என்றால் பெட்டியை எங்கே வைப்பாள்? இது என் ஊகம். நீங்கள் ஊகிக்க வேண்டியதே இல்லை; சித்தி உயிரோடு இருக்கிறாள்.

2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்டது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுனாமி நிவாரணத்தைப் பல நாட்டு அமைப்புகள் கூடி மதிப்பிட்டு 2006-ல் அறிக்கை வெளியிட்டன. உள்ளூர் மக்களின் திறனை ஒதுக்கிவிட்டு, வந்தவர்களே எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள் என்பது அதில் முக்கியமான குறை. நீங்கள் அந்த ஊர்க்காரி. உங்களுக்கு என்ன சாக்கு?

இயக்குநரிடம் சண்டை வேண்டாம். ‘முழுப் பட்டியலைக் கேட்பார்கள், நாமே முதலில் கொடுத்துவிடலாம்’ என்று சொல்லுங்கள். வருகிறவரே சீட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். இன்னார் என் சித்தி என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பேட்டியில் நீங்கள் உட்காரவும் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. இயக்குநர் முகம் கறுக்கும், கறுக்கட்டும்.

அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தி மீன் விற்று முடித்து வீடு திரும்பும் நேரத்தில் போங்கள். நோட்டும் பேனாவும் வேண்டாம். பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் திட்டுவாள், குறுக்கே பேசாதீர்கள்.