நெடுக்காக எடுத்த நூற்றுக்கணக்கான போட்டோக்கள் கம்ப்யூட்டரில் படுத்துக் கிடக்கின்றன, மொத்தமாக நிமிர்த்த வழி உண்டா?

உண்டு. ஆனால் தயவுசெய்து ஒவ்வொன்றாக எடிட்டரில் திறந்து, திருப்பி, சேமிக்காதீர்கள். ஜேபெக் (ஜேபிஜி) படம் அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி அமுக்கப்படுகிறது, நுணுக்கம் கொஞ்சம் போய்விடும்.

நெடுக்காகப் பிடித்தாலும் கேமரா பெரும்பாலும் படத்தைக் கிடையாகவேதான் பதிகிறது, கூடவே எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பில், எப்படித் திருப்பிக் காட்டுவது என்று ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திருப்பு, 8 என்றால் இடப்பக்கம், 3 என்றால் தலைகீழ். விண்டோஸ் 7 போட்டோ வியூவர் மாதிரிப் பழைய மென்பொருள் அந்த எண்ணைப் பார்க்காது, அதனால்தான் போனில் நிமிர்ந்து நிற்கிற படம் கம்ப்யூட்டரில் படுத்துக்கொள்கிறது.

முதலில் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் விண்டோஸில் படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவை அதன் பிளக்இன்களோடு (துணை நிரல்களோடு) நிறுவி, படங்களைச் சின்னதாக வரிசையில் காட்டும் தம்ப்நெயில் ஜன்னலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் ஜேபிஜி லாஸ்லெஸ் (இழப்பில்லாத) பகுதிக்குப் போய் எக்ஸிஃப்படி ஆட்டோ ரொட்டேட் கொடுங்கள். மறுபடி அமுக்காமல் திருப்பிவிடும். லினக்ஸில் ஜெஹெட் என்ற கட்டளைக் கருவி இதே வேலையைச் செய்யும்.

அந்த எண்ணே தப்பாக இருந்தால்தான் சிக்கல். தாத்தாவின் கணக்கு நோட்டுகளை மேசையில் விரித்து, போனை நேர் கீழே பார்க்கப் பிடித்து 600 பக்கம் எடுத்தேன். போனுக்கு மேல் எது கீழ் எது என்பது புவியீர்ப்பை வைத்துத்தான் தெரியும், தரையைப் பார்த்துப் பிடித்தால் தெரியாது, ஒரே நோட்டில் 12ஆம் பக்கம் இடப்பக்கம் சாய்ந்தும் 13ஆம் பக்கம் தலைகீழாகவும் வந்திருந்தது. தம்ப்நெயிலைப் பெரிதாக்கி வைத்து, கன்ட்ரோலை அழுத்தியபடி இடம் சாய்ந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒரு தடவை, வலம் சாய்ந்தவற்றை ஒரு தடவை, தலைகீழை ஒரு தடவை என்று திருப்பினேன், ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். இழப்பில்லாத திருப்பல் கட்டம் கட்டமாக நடக்கிறது, போன் படங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் 16க்கு 16 பிக்சல். 4000க்கு 3000 படத்தில் 3000 அதில் முழுசாக வகுபடாது, 8 வரி மிஞ்சும், அதை வெட்டிவிடும் அல்லது ஓரத்தில் கோணலாக விட்டுவிடும். சாதாரணப் படத்தில் கண்ணுக்கே தெரியாது. தாத்தா தாளின் கடைசி விளிம்பு வரை தொகை எழுதுகிறவர், அந்த 8 வரியும் எனக்கு வேண்டும். அந்த மாதிரிப் பக்கங்களுக்கு மட்டும், எக்ஸிஃப் தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் முன்னே சொன்ன அந்த எண்ணை மட்டும் மாற்றினேன், பிக்சல் எதையும் தொடவில்லை.